ஆய்வுக்கூடங்களின் வாயிலும் நம் ஜமாஅத்தின் கடமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



'கல்வியின் சிறப்பு' பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். அத்தலைப்பில் இப்பள்ளியிலேயே எத்தனையோ ஜும்ஆக்களில் பேசியாயிற்று. கேட்டவர்கள் 'மாஷா அல்லாஹ்' என்று கூறிவிட்டுச் செருப்பைத் தேடிப் போனதும் ஆயிற்று. ஆகவே, செயலாளர் அவர்களின் அனுமதியோடு தலைப்பைச் சற்றுச் சுருக்கிக்கொள்கிறேன். பட்டம் பெற்ற நம் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடங்களில் உள்ள பணிகள், அவற்றுள்ளும் எக்ஸ்ரே, ஸ்கேன் போன்று கண்ணுக்குப் புலப்படாததைப் படமாக்கிக் காட்டும் படிமவியல் துறையின் பணிகள், இவையே இன்றைய பேச்சு. 'இதற்கும் ஆலிமுக்கும் என்ன தொடர்பு?' என்று பின்வரிசையில் சிலர் எண்ணுவது தெரிகிறது. தொடர்பு உண்டு. அது ஜனாஸாவில் தொடங்குகிறது.

நாம் பெங்களூரு நெடுஞ்சாலைக்கும் ஒரகடத்திற்கும் இடையில் வாழ்பவர்கள். சாலை விபத்தில் மரணித்தவர், ஆலை விபத்தில் மரணித்தவர் ஆகியோரின் உடலைச் சட்டப்படி பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆகவேண்டும். பிணவறையின் வெளியே, மரத்தடியில் மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறீர்கள். அங்கே என்னிடம் கேட்கப்படும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: 'ஹஜ்ரத், அறுக்காமல் தருவதற்கு ஏதேனும் வழியுண்டா?' மய்யித்தின் கண்ணியம் உயிரோடிருப்பவரின் கண்ணியத்திற்குக் குறைந்ததன்று என்பது நம் மார்க்கத்தின் நிலைப்பாடு. அதே வேளையில், ஒருவர் எவ்வாறு இறந்தார் என்பதை அறிவது அவருடைய வாரிசுகளின் உரிமையைக் காப்பதற்கும், குற்றம் செய்தவன் தப்பாதிருப்பதற்கும் இன்றியமையாதது. விதவையான ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவேண்டிய இழப்பீடு அந்த ஒற்றை அறிக்கையில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே, வேண்டாம் என்று மறுத்துவிடவும் நம்மால் இயலாது.

இக்கேள்விக்கு ஒரு விடை புதுடெல்லியில் உருவாகியுள்ளது. அங்குள்ள எய்ம்ஸ் மருத்துவ நிறுவனத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு, 2021 மார்ச் மாதம் கத்தி படாத பிரேதப் பரிசோதனை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. உறையில் வைத்த உடலை அப்படியே சி.டி. ஸ்கேன் கருவிக்குள் செலுத்துகிறார்கள். சில நிமிடங்களில் தலை முதல் கால் வரை ஆயிரக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்கள் கிடைத்துவிடுகின்றன. எலும்பு முறிவும், உடலுக்குள் தங்கிய குண்டும், மண்டைக்குள் உறைந்த இரத்தமும் அவற்றில் தெளிவாகத் தெரியும். நஞ்சு, மாரடைப்பு போன்றவற்றை ஸ்கேனை மட்டும் கொண்டு உறுதிசெய்ய இயலாது. ஊசியினால் சிறிது திசுவோ திரவமோ எடுத்துச் சோதிக்கவேண்டி வரும். சிலவற்றில் அறுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இம்முறைக்கு 1990களின் பிற்பகுதியில் வித்திட்டவர்கள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள். ஒரே உடலை முதலில் ஸ்கேன் செய்து, பின்னர் வழக்கப்படி அறுத்தும் பார்த்து, இரண்டு முடிவுகளும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மாறுபடுகின்றன என்று ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார்கள். அந்தப் பொறுமையின் பயன் இன்று டெல்லி வரை வந்திருக்கிறது.

நம் மாவட்டத்திற்கு அது எப்போது வரும்? நாம் மனுக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால், கருவியை மட்டும் வாங்கிவைத்தால் போதாது. படத்தைப் படித்துச் சொல்லும் மருத்துவர், கருவியை இயக்கும் நுட்புநர், கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடும் இயற்பியலாளர், ஆயிரம் படங்களை ஒன்றாகக் கோத்து முப்பரிமாண உருவமாக்கும் கணிதவியலாளர், இத்தனை பேரும் வேண்டும். இவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள். ஊரில் சிலரேனும் செய்தால் அனைவர் மீதும் உள்ள கடமை நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றத்திற்கு ஆளாகும். அதோடு நிறுத்தாமல், முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாத ஊர்களில் எல்லாரும் ஃபிக்ஹின் வாதப் பிரதிவாதங்களைக் கற்கவே முண்டியடிக்கிறார்களே என்று தம் காலத்து மாணவர்களைக் கடிந்துகொள்ளவும் செய்தார்கள். அவர்கள் மறைந்தது கி.பி. 1111இல். ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் அக்கடிதல் பழையதாகிவிடவில்லை. இதை ஒரு மதரஸாக்காரன் சொல்வதால் நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இவ்விடத்தில் வழக்கமாக இப்னுல் ஹைதம் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவது நம் மேடை மரபு. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அப்பெரியார், ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவினார். இருட்டறையில் சிறு துளை வழியே விளக்குகளின் ஒளியைச் செலுத்திச் சோதித்தார். அவருடைய கிதாபுல் மனாழிர் ஆயிரமாண்டு நிறைவு கண்டதை 2015ஆம் ஆண்டில், சர்வதேச ஒளி ஆண்டின்போது யுனெஸ்கோ நினைவுகூர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆயினும், பாட்டனார் வைத்திருந்த தோப்பைச் சொல்லிக்கொண்டே இருப்பதால் பேரனின் வயிறு நிறையாது. ஆகவே அவரை இத்துடன் விட்டுவிட்டு நம் ஊர்ப்பக்கம் வருகிறேன்.

நம் ஸ்ரீபெரும்புதூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரக் கிராமங்களில், 1968ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. காசநோயைத் தடுப்பதற்கான பி.சி.ஜி. ஊசி உண்மையில் எவ்வளவு பயன் தருகிறது என்பதை அறிவதே நோக்கம். இரண்டரை இலட்சத்திற்கும் அதிகமானோர் அதில் சேர்க்கப்பட்டனர். பத்து வயது கடந்தவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. மாட்டு வண்டிகள் ஓடிய தெருக்களில் எக்ஸ்ரே வண்டி வந்து நின்றதை அப்பகுதியின் முதியவர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும். அம்மக்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார்கள். முடிவு எதிர்பார்த்தபடி அமையவில்லை. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. உலகெங்கும் மருத்துவ நூல்கள் இன்றளவும் செங்கல்பட்டின் பெயரைச் சொல்லி அந்த முடிவை எடுத்துக்காட்டுகின்றன. (குழந்தைகளைத் தாக்கும் கடுமையான காசநோய் வகைகளுக்கு எதிராக அவ்வூசி பயன் தருவதால் இன்றும் அது போடப்படுகிறது. ஹஜ்ரத் சொன்னார் என்று யாரும் கைக்குழந்தையின் ஊசியை நிறுத்திவிட வேண்டாம்!)

அந்த ஆராய்ச்சியில் விஞ்ஞானிகள் மட்டுமா வேலை செய்தார்கள்? எக்ஸ்ரே எடுத்தவர், ஃபிலிம் கழுவியவர், வீடு வீடாகச் சென்று பெயர் எழுதியவர், வண்டி ஓட்டியவர், எழுத்தர் எனப் பலரும் வேலை செய்தார்கள். அதே வழியில், 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பிலும் நடமாடும் எக்ஸ்ரே வண்டிகள் ஊர் ஊராகச் சென்றன. சென்னை சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்திற்கு அதில் முக்கியப் பங்குண்டு. இத்தகைய ஆய்வுத் திட்டங்களுக்கு எக்ஸ்ரே நுட்புநர், களப்பணியாளர், தரவுப் பதிவாளர் ஆகியோரை நேர்முகத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ரேடியோ டயக்னோசிஸ் டிப்ளமோ முடித்தவர் அவற்றுள் ஒரு பணிக்குத் தகுதி பெறுகிறார். ஆராய்ச்சி என்றாலே டாக்டர் பட்டம் என்று எண்ணி, வாயிலைப் பார்த்தவுடனேயே நாம் திரும்பிவிடுகிறோம்.

இன்னொன்று. சி.டி. ஸ்கேன் கருவிக்காக 1979ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்கள் ஹவுன்ஸ்ஃபீல்டு, கார்மக் என்னும் இருவர். அக்கருவியின் கணக்கில் தமிழகத்தின் பங்கு ஒன்று உண்டு. 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையை நடத்திய ஜி.என். இராமச்சந்திரன் அவர்கள், ஏ.வி. லட்சுமிநாராயணன் அவர்களோடு சேர்ந்து 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். ஒரே பொருளைப் பல திசைகளிலிருந்து படம் எடுத்தால் பல நிழல்கள் கிடைக்கும். அந்நிழல்களை வந்த வழியே திருப்பிப் பரப்பி ஒன்றன்மேல் ஒன்று சேர்த்தால் பொருளின் உள்ளமைப்பு தெரியவேண்டும்; ஆனால் மங்கிக் கலங்கித் தெரியும். ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு குறிப்பிட்ட கணக்கினால் திருத்திவிட்டுப் பின்னர் பரப்பினால் படம் தெளிந்துவிடும், கணினிக்கும் வேலை குறையும் என்று இருவரும் காட்டினார்கள். பல்லாண்டுக் காலம் உலகத்து ஸ்கேன் கருவிகள் இந்த வழியிலேயே படத்தை உருவாக்கி வந்தன. அந்தத் திருத்தக் கணக்குக்கு 'ராம் லாக்' என்றே பெயர். இராமச்சந்திரனில் பாதி, லட்சுமிநாராயணனில் பாதி! நம் வீட்டு நோயாளியின் தலையை ஸ்கேன் செய்ய ஆயிரக்கணக்கில் பணம் கட்டும்போது, அதன் உள்ளே இருப்பது கிண்டியில் பாடம் நடத்திய ஓர் ஆசிரியரின் கணக்கு என்று நம்மில் யார் அறிவோம்?

கிண்டி நம் ஊரிலிருந்து ஒரு பேருந்துப் பயணம். அதன் அருகிலேயே சென்னை ஐ.ஐ.டி.யில், 2022இல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் தொடங்கப்பட்டது. கருவில் வளரும் சிசுவின் மூளையை 5,132 வெட்டுகளாகப் படமெடுத்து, 'தரணி' என்னும் பெயரில் ஒரு வரைபடத் தொகுப்பை 2024 டிசம்பரில் அம்மையம் வெளியிட்டது. உலகில் எவரும் கட்டணமின்றி அதைப் பார்க்கலாம். மனித உறுப்பை ஆய்வுக்குப் பயன்படுத்துவதில் மஸ்அலா உண்டு. அதைத் தனியொரு மஜ்லிஸில் பேசவேண்டும். இங்கு நான் சொல்ல வந்தது, அந்த அறைகளில் வேலை செய்வோர் யார் என்பதைப் பற்றி. இத்தகைய மையத்திற்கு மருத்துவர் மட்டுமின்றி, உயிரியல் படித்தவர், மின்னணுவியல் படித்தவர், கணினி படித்தவர், திசுவை வெட்டிச் சாயமேற்றும் ஆய்வக நுட்புநர் என்று பலவகைப்பட்டோர் தேவைப்படுகிறார்கள்.

'உருவப்படம் எடுப்பது கூடுமா ஹஜ்ரத்?' என்று ஒரு பெரியவர் என்னிடம் தனியே கேட்டார்கள். கேட்டது நல்லதே, ஹலால், ஹராமைப் பேணுபவர்தாம் கேட்பார். நோயை அறிவதற்கும், உண்மையை நிலைநாட்டுவதற்கும் எடுக்கப்படும் படங்களைத் தேவை கருதி ஆலிம்கள் அனுமதித்தே வந்திருக்கிறார்கள். எலும்பின் நிழலை எவரும் சுவரில் மாட்டிக் கண்ணியப்படுத்துவதில்லை. மேலும், ஹஜ்ஜுக்குப் போகப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டவர்கள்தாமே நாமெல்லாம்.

இனி நம் ஊரின் நிலைக்கு வருகிறேன். சிப்காட் வந்த பின் இப்பகுதியில் எந்த வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. அதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தவேண்டும். ஆலையில் உழைத்து உண்பது ஹலாலான ரிஸ்க். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் சாரிசாரியாக அங்கே சென்றார்கள். அந்நிறுவனத்தின் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கின் காரணமாக இந்த ஆலை அவ்விற்பனையில் சேராமற்போயிற்று. 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் ஒரே ஆண்டில் வேலையிழந்தனர். பின்னர் அவ்வளாகத்திற்கு வேறு நிறுவனம் வந்தது உண்மைதான். ஆனால் எட்டாண்டுகள் பலகையில் உதிரிப்பாகம் பொருத்திய ஒருவருக்கு, வெளியே வந்தபின் அந்த எட்டாண்டு அனுபவத்தை எங்கே காட்டுவது என்று தெரியவில்லை.

இப்போது அந்த வேலையிலும் படிமவியல் நுழைந்துவிட்டது. முன்பு மின்சுற்றுப் பலகையைப் பூதக்கண்ணாடி வழியே பார்த்துக் குறை கண்டுபிடிக்கப் பெண்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். இன்று கேமரா பார்க்கிறது. ஈயப்பற்று சரியாக இல்லையென்றால் கணினியே ஒதுக்கித் தள்ளுகிறது. கனரக வண்டிகளின் ரேடியல் டயருக்குள் எஃகு இழைகள் ஒழுங்காக உள்ளனவா என்பதையும் எக்ஸ்ரே எடுத்தே பார்க்கிறார்கள். ஒரகடத்தில் மருத்துவக் கருவிகளுக்கென்றே ஒரு தொழிற்பூங்கா அமைக்கும் திட்டமும் இருக்கிறது. ஆக, பார்த்துச் சொல்லும் கண்ணுக்குக் கூலி குறைகிறது. கேமராவுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பவருக்குத் தேவை கூடுகிறது. அவர் உருவாவது ஆய்வுக்கூடத்தில்.

சரி, அங்கே எப்படிப் போவது? இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகியவற்றில் முதுகலை அறிவியல் பட்டம் பெற்றவர் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுதலாம். பொதுவாக ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. அதில் இளநிலை ஆய்வாளர் தகுதியோடு தேறியவருக்கு, 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி, மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. இரண்டாண்டுக்குப் பின் அது 42,000 ஆகிறது. படித்துக்கொண்டே பெறும் தொகை இது. பொறியியல் பிள்ளைகளுக்கும் அறிவியல் பிள்ளைகளுக்கும் கேட் தேர்வு இருக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரியை ஒட்டி நடக்கும். மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். இவ்விரண்டும் இல்லாமலேயே ஆய்வுத் திட்டங்களில் திட்ட உதவியாளராகச் சேரும் வழியும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் என்றே ஒரு துறை இருக்கிறது. அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம், மேலக்கோட்டையூரில் வடிவமைப்புக்கும் உற்பத்திக்குமான தேசிய நிறுவனம், வண்டலூரில் நம் சமுதாயப் பெரியவர் உருவாக்கிய கிரசென்ட் என்று நம்மைச் சுற்றி இத்தனை இருக்கின்றன. அறிவிப்புகள் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் வருகின்றன. சிலவற்றுக்கு விண்ணப்பிக்கக் கிடைக்கும் அவகாசம் மிகச் சொற்பம். எந்த ஆய்வு நிறுவனமும் வேலைக்கு முன்பணம் கேட்பதில்லை. 'உள்ளே ஆள் இருக்கிறார், இரண்டு இலட்சம் கொடுங்கள்' என்று யாரேனும் வந்தால் அவரை என்னிடம் அனுப்பிவையுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடவேண்டும். திட்டப் பணி நிரந்தரமன்று. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். உதவித்தொகை மாதம் தவறி வருவதும் உண்டு. முனைவர் பட்டம் முடிக்க ஐந்தாண்டு, அதற்கு மேலும் ஆகலாம். சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கென 2009இல் தொடங்கிய மௌலானா ஆஸாத் தேசிய உதவித்தொகையும் 2022-23 முதல் புதிதாக வழங்கப்படுவதில்லை. நமக்கென்று தனியே திறந்திருந்த ஒரு கதவு அடைபட்டுவிட்டது. ஆகவே எல்லாருக்குமான கதவு வழியே செல்வதற்குப் பிள்ளைகளைத் தயார்செய்ய வேண்டும்.

சான்றிதழில் பலர் இடறுகிறார்கள். 2007 முதல் தமிழக அரசு நமக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு தருகிறது. அதற்கான பிற்பட்ட வகுப்பு முஸ்லிம் சான்றிதழ் மாநிலக் கல்லூரிகளிலும் மாநில அரசுப் பணியிலும் செல்லும். நெட், கேட், ஐ.ஐ.டி. போன்ற மத்திய அரசு சார்ந்தவற்றில் அது செல்லாது. அங்கே ஓ.பி.சி. சான்றிதழ், மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவினர் அல்லர் என்ற குறிப்போடு வேண்டும். மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் ஒன்றல்ல. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பைகள் மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். மற்றவர்கள் தத்தம் பிரிவு அதில் உள்ளதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஓடுவதில் பயனில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஒன்று நம் வீடுகளுக்குள் இருக்கிறது. பிள்ளை இருபது, இருபத்தொரு வயதில் பி.எஸ்.சி. முடிக்கிறான். மேலும் இரண்டாண்டு எம்.எஸ்.சி. பிறகு நெட் தேர்வில் முதல் முறையிலேயே எல்லாரும் தேறுவதில்லை. இன்னும் ஓராண்டோ ஈராண்டோ ஆகலாம். இந்த மூன்று, நான்கு ஆண்டுகளில் அவனிடமிருந்து வீட்டுக்கு ஒரு காசும் வராது. தந்தை ஆட்டோ ஓட்டுகிறார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். கம்பெனிப் பேருந்து வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறது. அவன் ஏறிவிடுகிறான். அவனைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த மூன்றாண்டுப் பாலத்தை அமைத்துத் தராத நம்மைப் பற்றித்தான் பேசவேண்டும்.

நான் ஏழாண்டுகள் மதரஸாவில் ஓதினேன். உணவு, உறைவிடம், கிதாபு எதற்கும் என் தந்தை பணம் கட்டவில்லை. முகமறியாத தாய்மார்கள் சோறு பொங்கும்போது எடுத்துவைத்த பிடி அரிசியும், வியாபாரிகள் கொடுத்த சந்தாவும் எங்களுக்கு உணவளித்தன. 'இவன் எப்போது சம்பாதிப்பான்?' என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. மார்க்கக் கல்வி கற்பவனை ஏழாண்டுகள் சுமக்கத் தெரிந்த சமுதாயம், மய்யித்தின் கண்ணியத்தைக் காக்கும் கல்வியைக் கற்பவனை மூன்றாண்டு சுமக்கத் தயங்குவது ஏன்?

ஜகாத்திலிருந்து கொடுக்கலாமா என்று நிர்வாகிகள் கேட்டிருந்தார்கள். நம் ஹனஃபி மத்ஹபின்படி, பருவமடைந்த மாணவன் தன்னளவில் நிஸாப் அளவு பொருளுக்கு உடைமையாளனாக இல்லாதிருந்தால், அவனுக்கு ஜகாத் கொடுக்கலாம். தந்தையிடம் வசதி இருப்பதைக் கொண்டு அந்த மகன் வசதி படைத்தவனாகக் கருதப்பட மாட்டான். ஆனால், அத்தொகை அவன் கையில் ஒப்படைக்கப்பட்டு அவனுக்கே உடைமையாக வேண்டும். கட்டடம் கட்டவோ, பொதுவான கணினி வாங்கவோ ஜகாத்தைப் பயன்படுத்தக் கூடாது. அவற்றுக்கு ஸதகா நிதி வேண்டும். ஜகாத் வாங்கக் கூச்சப்படும் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கர்ளன் ஹஸனாவாக, வட்டியில்லாக் கடனாகத் தரலாம். உதவித்தொகை வரத் தொடங்கியபின் தவணையில் திருப்பட்டும். வங்கியின் கல்விக் கடனுக்கு வட்டி கட்டுவதிலிருந்து ஒரு குடும்பத்தைக் காத்த நன்மையும் ஜமாஅத்துக்குக் கிடைக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் திரைக்கு அப்பாலிருந்து என்னை விடமாட்டார்கள். நம் மக்தபிலும் பள்ளிக்கூடத்திலும் முன்னிலையில் நிற்பவர்கள் அவர்களே. 'ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினால் பாதுகாப்பு உண்டா, திருமணம் தள்ளிப்போகுமே' என்கிறீர்கள். இரவுப் பணிமுறைக்குக் கைபேசி ஆலைக்கு அனுப்பும்போது இக்கேள்விகள் ஏன் இவ்வளவு பலமாக எழுவதில்லை என்பதை நான் விளங்கிக்கொள்ள முயல்கிறேன். விடுதியும் ஒழுங்கும் உள்ள நிறுவனங்கள் இருக்கின்றன. நேரில் சென்று பார்த்து, பேராசிரியரிடம் பேசி, மனம் அமைதியடைந்தபின் அனுப்புங்கள். நிக்காஹ் முடிந்தபின் ஆய்வைத் தொடரும் பெண்களும் பலர் உண்டு. அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. இராமேசுவரத்துப் பள்ளிவாசலில் இமாமத் செய்தவரின் மகன் அப்துல் கலாம் அவர்கள், 1950களில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர இடம் கிடைத்தும் கட்டப் பணமின்றி நின்றபோது, தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைக்கக் கொடுத்தவர் அவருடைய சகோதரி ஜொஹரா. அந்தக் கதையை நாம் நூறு முறை சொல்லியிருக்கிறோம். ஜொஹராவுக்கும் படிக்க இடம் கிடைத்திருந்தால், அவருக்காக யார் அடகு வைத்திருப்பார்கள் என்று மட்டும் நாம் கேட்டுப்பார்த்ததில்லை.

நிர்வாகக் குழு இன்று எடுத்துள்ள முடிவுகளை அறிவித்து அமர்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் மஃரிப் தொழுகைக்குப் பின் மக்தப் அறையில் நம் ஜமாஅத்தின் பட்டதாரி இளைஞர்கள் இருவர் அமர்ந்திருப்பார்கள். நெட், கேட் அறிவிப்புகளையும் ஆய்வு நிறுவனங்களின் நேர்முகத் தேர்வு நாட்களையும் எழுதி, ஜனாஸா அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டுவார்கள். தேர்வுக் கட்டணமும் பயணச் செலவும் கொடுக்க முடியாதவர்கள் முத்தவல்லி அவர்களைத் தனியே சந்தித்தால் போதும். பெயர் வெளியில் வராது. தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28ஐ ஒட்டிச் சென்னையின் பல ஆய்வு நிறுவனங்கள் பொதுமக்களுக்குக் கதவைத் திறக்கின்றன. அதற்காக ஒரு பேருந்து ஏற்பாடு செய்யப்படும். ஒன்பதாம் வகுப்பு முதல் கல்லூரி வரையுள்ள ஆண், பெண் பிள்ளைகள் பெற்றோருடன் வரலாம். தாய்மார்களுக்கு முன்னிருக்கைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. பெயர் கொடுக்க விரும்புவோர் இஷா தொழுகைக்குள் மோதினார் அவர்களிடம் எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.